பின்னாலிருந்து வீசும் எதிர்காற்று

மேற்கூரை இல்லாத காரில் காதலர்கள் பாடிக்கொண்டே போகும் காட்சியைத் தமிழ்ப் படங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். கதாநாயகியின் கூந்தல் கொடிபோலப் பின்னால் பறக்கும். கார் முன்னால் ஓடுகிறது. காற்று எதிரே வருகிறது. அதனால் முடி பின்னால் போகிறது. இதில் யோசிக்க எதுவும் இல்லை என்றுதான் தோன்றும்.

அப்படிப்பட்ட காரில் உண்மையிலேயே வேகமாகப் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "முடி பூரா மூஞ்சியிலதான் வந்து விழுந்துச்சு" என்பார்கள். கண்ணை மறைக்கும், வாய்க்குள் போகும், எத்தனை முறை ஒதுக்கிவிட்டாலும் திரும்ப வரும். பிடரியில் குளிர் அடிக்கும். யாரோ பின்னால் உட்கார்ந்து ஊதுவதைப்போல இருக்கும்.

இந்தப் புதிரைப் பார்க்க விலை உயர்ந்த கார் தேவையில்லை. குட்டியானை வண்டியின் பின்தட்டில், ஓட்டுநர் அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போனவர்களுக்கு இது தெரியும். எழுந்து நின்றால் காற்று முன்னாலிருந்து தாக்கும். உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே, அதாவது வண்டியின் பின்பக்கத்திலிருந்து, காற்று வரும். மண்சாலையில் போய்வந்த பேருந்தில் முன்கண்ணாடியைவிடப் பின்கண்ணாடியில்தான் புழுதி கனமாகப் படிந்திருக்கும். வண்டி விட்டுவிட்டுப் போன புழுதி எப்படி வண்டியையே துரத்திப் பிடித்தது?

முடி, காற்று, புழுதி மூன்றுக்கும் விடை ஒன்றுதான்.

பாலத்தூணுக்குப் பின்னால்

ஆற்றில் தண்ணீர் நன்றாக ஓடும் நாளில் பாலத்தின் மேலிருந்து ஒரு தூணின் அடியைப் பாருங்கள். தூணின் இரு பக்கமும் நீர் விரைந்து போகும். அதன் பின்புறம் மட்டும் நீர் குழம்பி நிற்கும். நுரைத்துண்டும் சருகும் அங்கே மாட்டிக்கொண்டு வட்டமடிக்கும். கூர்ந்து பார்த்தால் தூணை ஒட்டிய சருகு ஆற்றோட்டத்துக்கு எதிராக, தூணை நோக்கியே நகர்வது தெரியும்.

வேகமாக ஓடும் நீரால் சட்டென்று திரும்ப முடியாது. தூணைச் சுற்றி வளைந்து வரும் நீர், அதன் பின்பக்க மூலையை ஒட்டித் திரும்பாமல் போன போக்கிலேயே நேராகப் போய்விடுகிறது. ஓட்டம் ஒரு பரப்பை ஒட்டிப் போகாமல் விட்டு விலகுவதைப் 'பிரிகை' என்று அழைப்போம். விலகிப் போகும் நீர், தூணுக்குப் பின்னால் இருக்கும் நீரையும் உரசி இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே குறையும் நீரை ஈடுகட்டச் சற்றுத் தொலைவிலிருந்து நீர் திரும்பி வர வேண்டும். போவதும் வருவதும் சேர்ந்து ஒரு வட்டமாகிறது. ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் திரும்பி வரும் பகுதி இருப்பதால் இதை 'எதிர்ச்சுழல்' எனலாம்.

காரின் முன்கண்ணாடி அந்தத் தூண். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முடி அந்தச் சருகு.

ஒரு நோட்டும் ஒரு மெழுகுவர்த்தியும்

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மேசையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். அதற்கு நாலு விரற்கடை முன்னால், கையகல நோட்டு ஒன்றைச் செங்குத்தாகப் பிடியுங்கள். நோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அதன் நடுவே பலமாக ஊதுங்கள்.

சுடர் உங்களைவிட்டு விலகிச் சாயும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் அது நோட்டை நோக்கி, உங்கள் பக்கமாகவே சாய்கிறது. நோட்டின் விளிம்புகளில் பிரிந்த காற்று அந்தப் பக்கம் போய்ச் சுழன்று திரும்பி வருகிறது. அதில் சிக்கிய சுடர் நமக்குக் காற்றின் பாதையை வரைந்து காட்டுகிறது.

இப்போது நோட்டின் இடத்தில் ஒரு உருண்டையான போத்தலை வையுங்கள். அதே பலத்துடன் ஊதினால், போத்தல் மறைத்திருந்தும் சுடர் அணைந்துவிடும். வளைந்த பரப்பைக் காற்று வெகுதூரம் ஒட்டிக்கொண்டு போகும். கூர்மையான விளிம்பில் உடனே பிரிந்துவிடும். காரின் முன்கண்ணாடி மேலே ஒரு விளிம்பாகத்தான் முடிகிறது. கூரை இருந்தால் காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு பின்கண்ணாடி வரை இறங்கிப் போயிருக்கும். கூரையை எடுத்துவிட்டால் அந்த விளிம்பிலேயே காற்று காரைக் கைவிடுகிறது.

130-இல் ஒரு கணக்கு

ஜெர்மனியில் மூனிக் நகரிலிருந்து ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக் கார்மிஷ் பக்கம் போகும் ஏ95 நெடுஞ்சாலையில் வேக வரம்பு இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு. வரம்பு இல்லாத ஆட்டோபான் சாலைகளில் அரசு பரிந்துரைக்கும் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர். அந்தச் சாலையில், அதே வேகத்தில், இரண்டு பேர் உட்காரும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கூரையைத் திறந்துகொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முழுக்க இந்தக் காரோடுதான் பயணம் செய்யப் போகிறோம்.

மணிக்கு 130 என்றால் வினாடிக்கு 36 மீட்டர். காரை நேர் முன்னாலிருந்து பார்த்தால் அதன் உருவம் 1.8 சதுர மீட்டர் இடத்தை அடைக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு வினாடியும் 65 கன மீட்டர் காற்றை அது விலக்கியாக வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. ஆக, வினாடிக்கு 78 கிலோ. வளர்ந்த ஓர் ஆளின் எடையுள்ள காற்றை இந்தக் கார் வினாடிதோறும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே போகிறது.

பயணி கையை உயர்த்திக் கண்ணாடியின் விளிம்புக்கு மேலே உள்ளங்கையை முன்னால் காட்டி நிறுத்தினால், காற்று அதை ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ பலத்துடன் பின்னால் தள்ளும். வேகத்தைப் பாதியாக்கி 65-இல் போனால் அந்தப் பலம் பாதியாகாது. நாலில் ஒரு பங்காக, 300 கிராம் சொச்சமாகிவிடும். வேகம் இரட்டித்தால் காற்றின் அறை நாலு மடங்காவது எப்போதும் நடப்பதுதான். இப்போது அதே கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். விளிம்பின் மட்டத்துக்கு வரும்போது கை தடதடவென்று உதறும். இன்னும் ஒரு சாண் இறக்கினால் உதறல் அடங்கி, புறங்கையில் காற்று படும். அந்த ஒரு சாண் இடைவெளியில் காற்றின் திசையே தலைகீழாக மாறிவிட்டது.

கை உதறிய அந்த மெல்லிய அடுக்கை 'உரசல் படலம்' என்று சொல்லலாம். படலத்துக்கு மேலே 130-இல் ஓடும் காற்று. கீழே மெதுவாகச் சுழலும் காற்று. படலம் பின்னோக்கிப் போகப்போகத் தடித்து, இருக்கைகளுக்குப் பின்னால் காரின் உடலில் வந்து மோதுகிறது. அங்கே ஒரு பகுதி கழன்று இருக்கைகளின் இடுக்கு வழியாகவும் தலைக்கு மேலாகவும் முன்னோக்கித் திரும்புகிறது. கூந்தலை முகத்தில் தள்ளுவது இந்தக் காற்றுதான்.

திரும்பும் காற்றின் வேகம் காரின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் மணிக்கு 26 கிலோமீட்டர். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட்டின் பெயரால் வழங்கும் காற்று அளவுகோலில் இது நான்காம் படி: புழுதியும் காகிதமும் கிளம்பிப் பறக்கும், மரத்தின் சிறு கிளைகள் அசையும். அப்படிப்பட்ட காற்று மணிக்கணக்கில் பிடரியில் அடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் திறந்த காரில் தளர்வான துணி ஆபத்தானது. சுழலுக்குள் அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டால் வேகக்காற்று பிடித்துக்கொள்ளும். 1927 செப்டம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் திறந்த காரில் புறப்பட்டபோது, கழுத்தில் சுற்றியிருந்த நீண்ட பட்டுச் சால்வை சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். பைக்கின் பின்னால் உட்காரும் பெண்ணிடம் "துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கோம்மா" என்று வழியில் போகிறவர்கள் சொல்வது சும்மா இல்லை.

மழையில் நனையாத கார்

நம் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது தூறல் பிடிக்கிறது. கூரை இல்லை. ஆனாலும் உள்ளே இருப்பவர்கள் கிட்டத்தட்ட நனைவதே இல்லை! திறந்த கார் வைத்திருப்பவர்கள் பலர் இதைச் சொல்வார்கள். நம்பக் கடினமாக இருந்தாலும் கணக்கு எளியது.

நடுத்தர மழைத்துளி ஒன்று வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று கொள்வோம். கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து ஓட்டுநரின் தலை 60 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. 130-இல் போகும் கார் அந்த 60 சென்டிமீட்டரைக் கடக்கும் நேரத்துக்குள், விளிம்பை உரசிக்கொண்டு உள்ளே வந்த துளி 12 சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். அதிகம் போனால் உச்சந்தலையை உரசலாம். அதையும் காற்று தடுத்துவிடுகிறது. சாய்ந்த கண்ணாடியின்மேல் ஏறிவரும் காற்று விளிம்பைத் தாண்டிய பிறகும் மேல்நோக்கியே போவதால், துளியையும் தூக்கிக்கொண்டு தலைக்கு மேலாகக் கடத்திவிடுகிறது.

அதே கார் 30-இல் ஊர்ந்தால், அதே தூரத்தைக் கடப்பதற்குள் துளி 50 சென்டிமீட்டர் இறங்கி நெஞ்சில் விழும். காற்றுக்கும் தூக்கிவிடும் பலம் இருக்காது. சிக்னலில் நின்றால் கேட்கவே வேண்டாம். வேகம் இருக்கும்வரைதான் இந்தக் கூரை இருக்கும். ஈரச்சாலையில் வேகமாகப் போவது நனைவதைவிடப் பெரிய ஆபத்து என்பதால், இதை நம்பி யாரும் ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது. காற்று என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்றாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

சுழலுக்கு ஒரு வலை

திரும்பி வரும் காற்றை நிறுத்தப் பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? 1989-இல் ஜெனீவா கார் கண்காட்சியில் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல். காரில் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு சட்டமும், அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையும் இருந்தன. ஓட்டைகள் நிறைந்த ஒரு வலை காற்றைத் தடுக்குமா?

முழுதாகத் தடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இதிலுள்ள நுட்பம். கெட்டியான பலகையை வைத்தால் அதன் விளிம்பில் காற்று மறுபடி பிரிந்து புதிய சுழல்கள் பிறக்கும். பின்னால் வரும் வண்டியும் தெரியாது. வலையின் ஒவ்வொரு கண் வழியாகவும் கொஞ்சம் காற்று நுழைகிறது. நுழையும்போது ஒரு பெரிய சுழல் ஆயிரக்கணக்கான குட்டிச் சுழல்களாக உடைகிறது. குட்டிச் சுழல்கள் ஒன்றோடொன்று உரசி, சில சென்டிமீட்டர் தூரத்திலேயே வலுவிழக்கின்றன. தென்னங்கீற்றுத் தட்டியின் பின்னால் காற்று சாந்தமாக இருப்பதும் இதனால்தான்.

2004-இல் அதே நிறுவனத்தின் எஸ்.எல்.கே. காரில் தலைசாய்ப்பானுக்குள் சிறிய ஹீட்டரை வைத்து, பிடரியில் வெதுவெதுப்பான காற்று படும்படி செய்தார்கள். குளிர் எங்கிருந்து தாக்குகிறது என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. 2010-இல் வந்த நாலு பேர் உட்காரும் திறந்த காரில் முன்கண்ணாடியின் உச்சியில் ஒரு பட்டை ஆறு சென்டிமீட்டர் எழும்பி நிற்கும்படி அமைத்தார்கள். நீண்ட காரில் உரசல் படலம் பின்னிருக்கைக்காரர்களின் தலையிலேயே வந்து இறங்கிவிடும். முன்னால் ஆறு சென்டிமீட்டர் உயர்த்தினால் படலம் அவர்கள் தலையைத் தாண்டிப் போய்விடுகிறது.

மூடிய துணி ஏன் உப்புகிறது?

கூரையை மூடிவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? பழைய துணிக்கூரைக் கார் ஒன்று வேகமாகப் போவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால், கூரை எண்ணெயில் போட்ட பூரிபோல மேலே உப்பியிருப்பது தெரியும். எதிர்காற்று கூரையை அமுக்கும் என்றல்லவா நினைப்போம்?

காற்று கூரையின் வளைவை ஒட்டித் திரும்ப வேண்டுமானால், அதை உள்நோக்கித் திருப்ப ஏதோ ஒன்று தேவை. வெளியே அழுத்தம் கூடுதலாகவும் கூரையை ஒட்டி அழுத்தம் குறைவாகவும் இருப்பதால்தான் அது திரும்புகிறது. ஆனால் காருக்குள் இருக்கும் காற்று சாதாரண அழுத்தத்திலேயே இருக்கிறது. உள்ளே கூடுதல், மேலே குறைவு. ஆகவே துணி மேல்நோக்கி உந்தப்படுகிறது. நம் காரில், 130-இல், ஒன்றேகால் சதுர மீட்டர் துணியை 50 கிலோ அளவுக்கு இந்த வேறுபாடு மேலே தூக்கலாம். 200-இல் அது 100 கிலோவைத் தாண்டும். அதனால்தான் இன்றைய துணிக்கூரைகள் பல அடுக்குகளாகத் தைக்கப்பட்டு, உள்ளே விலா எலும்புகள்போல உலோக வளைவுகளைத் தாங்கியிருக்கின்றன. புயலில் ஓட்டுக்கூரையும் தகரக்கூரையும் உள்நோக்கி இடியாமல் பிய்த்துக்கொண்டு மேலே பறப்பதற்கும் இதுதான் காரணம்.

சுழலுக்குக் கொடுக்கும் விலை

சுழலைச் சுற்றவைக்கும் ஆற்றல் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. ஓடும் காரைக் காற்று பின்னால் இழுக்கும் விசையைக் 'காற்றிழுவை' என்போம். கூரை மூடியிருக்கையில் நம் கார் 130-இல் காற்றிழுவையை வெல்ல 25 குதிரைத்திறன் செலவிடுகிறது என்று கொள்வோம். திறந்தால் இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடுவதாக வைத்தால் 30 ஆகிவிடும். வேகத்தை ஒன்றரை மடங்காக்கி 195-இல் போனால், விசையும் கூடி, ஒவ்வொரு வினாடியும் கடக்கும் தூரமும் கூடுவதால், தேவை ஏறத்தாழ மூன்றரை மடங்காக எகிறும்: மூடினால் 84, திறந்தால் 101. மூடிய காருக்குக் கிடைக்கும் உச்சவேகம் திறந்த காருக்குக் கிடைக்காதது இதனால்தான்.

காதும் ஒரு விலை கொடுக்கிறது. உரசல் படலம் துடிக்கும் ஒவ்வொரு துடிப்பும் ஓர் ஒலி. அவை சேர்ந்ததுதான் அந்த இரைச்சல். 85 டெசிபல் ஒலியில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் அமெரிக்காவின் பணியிட நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த கார்களுக்குள் 85-ஐத் தாண்டிய ஒலி அளக்கப்பட்டிருக்கிறது. நாள் முழுக்க இப்படிப் போகிறவர்கள் காதடைப்பான் அணிவது நல்லது.

காற்றாலான கண்ணாடி

காற்றைத் தடுக்கக் கண்ணாடியே வேண்டாம், காற்றே போதும் என்று ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் காட்டியது. 2019-இல் மெக்லாரன் அறிமுகப்படுத்திய எல்வா காருக்கு முன்கண்ணாடி இல்லாத வடிவம் உண்டு. வேகமாகப் போகும்போது மூக்கின் நடுவிலுள்ள வாய் வழியாகக் காற்று உள்ளே நுழைந்து, பானெட்டின் மேலே இருக்கும் பிளவு வழியாகச் செங்குத்தாகப் பீறிட்டு வெளிவரும். அதன் முன்னால் ஒரு தகடு 15 சென்டிமீட்டர் எழும்பி நிற்கும். பீறிட்டு எழும் காற்று, எதிர்க்காற்றைத் தூக்கி ஓட்டுநரின் தலைக்கு மேலாக அனுப்பிவிடும். நம் மெழுகுவர்த்திச் சோதனையில் நோட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கீழிருந்து மேலாக இன்னொருவர் ஊதுவதைப் போன்ற ஏற்பாடு இது.

திறந்த காரில் போகிறவர் தான் வெட்டவெளியில் இருப்பதாக நினைக்கிறார். அவரைச் சுற்றி ஓர் அறை இருக்கிறது. அதன் கூரை 130-இல் ஓடும் காற்று. உள்ளே சுழலும் காற்று அவர் பிடரியைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அறையைக் கட்டியது வேகம்.

ஏ95 சாலை முடிகிறது. நம் கார் மலையடிவார ஊருக்குள் திரும்புகிறது. முள் 130-இலிருந்து 80-க்கும், 50-க்கும், 30-க்கும் இறங்குகிறது. இரைச்சல் ஓய்ந்து, அதுவரை கேட்காத என்ஜின் சத்தமும் தேவாலய மணியும் கேட்கின்றன. இவ்வளவு நேரமும் முகத்தை மறைத்துக்கொண்டிருந்த முடி மெல்லத் தோளில் படிகிறது. ஒரு துளி, பிறகு இன்னொரு துளி, நெற்றியில் விழுகிறது. காற்றுக்கூரை கலைந்துவிட்டது. ஓட்டுநர் காரை ஓரமாக நிறுத்தி, துணிக்கூரையை மூடும் பொத்தானை அழுத்துகிறார்.